இரண்டு எண்ணும்வரை

ஸ்காபரோவிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டியில்
பதினொரு பொய்மீன்கள்.
வெள்ளிச் சரிகை வயிறு, செம்மஞ்சள் தாடை.
எந்த ஏரியில் எந்த மீனை ஏய்க்கச் செய்ததோ,
இங்கத்தை விரால் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டு தாமரைத் தண்டில் போயின.
ஒன்று என்னுடைய சாரத்தில் ஏறி
யூட் அன்ரன் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டியதாய்ப் போச்சு,
சாரத்தை.

தகட்டுக் கரண்டி ஆழத்துக்கு நல்லதாம்.
எங்கே ஆழம்?
சண்டிலிப்பாய் தாண்டி வழுக்கையாறு அகலுமிடத்தில்
தை மாதத்திலும் இடுப்பளவுதான்,
அதிலும் பாதி சல்வீனியா, மிச்சம் அல்லி.
கொக்கி கீழே தொங்குகிற எதுவும்
மூன்றாம் முழத்தில் புல்லைக் கவ்விக்கொண்டு
மீன் பிடித்தமாதிரி நடிக்கும்.

ஆகவே தவளை.
நானே செய்தேன்.
கஸ்தூரியார் வீதி மாடியறையில்
பொய்ப்பல் கட்டுகிறவன் நான்.
அச்செடுக்கும் சிலிக்கோனில் உடம்பு, உள்ளே வெறும் காற்று,
வயிற்றில் இரண்டு சைக்கிள் குண்டு, கிலுங்க.
முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும் இரட்டைக் கொக்கி;
கடித்தால் உடம்பு அமுங்கும், கூர் எழும்பும்.
கால்களுக்கு றப்பர் நூல்.
ஒன்றை மற்றதைவிடக் கட்டையாய் நறுக்கினேன்.
நொண்டினால்தான் நம்பும்.

நிறத்துக்கு மூன்று இரவு மினக்கெட்டேன்.
ஈறின் இளஞ்சிவப்பை வரவழைக்கத் தெரிந்தவனுக்கு
ஒரு பச்சை என்ன பெரிய வேலை?
பிறகுதான் உறைத்தது:
கீழே கிடந்து பார்க்கிற விராலுக்கு
எந்தத் தவளையும் வானத்தில் ஒரு கறுப்பு.
கரியைக் குழைத்துப் பூசிவிட்டேன்.

தலைக்கு மேலே போட்டால் ஓடிவிடும்.
அப்பால் எறிந்து, இலைமேல் இழுத்து,
இலை முடிகிற இடத்தில் நிறுத்து.
வளையம் விரிந்து போய் அடங்கட்டும்.
றொட் நுனியை ஒருக்கால் தட்டு.
நீர் வெடிக்கும்.
அப்போது இழுக்கப்படாது.
கை இழுக்கப் பார்க்கும், கையை நம்பாதே,
இரண்டு எண்ணு.

யூட் ஒருநாளும் எண்ணியதில்லை.
பாசையூரான்.
கடலில் எண்ணிக்கொண்டு நின்றால்
கரைக்கு வெறுங்கூடைதான் வரும் என்பான்.

போன ஞாயிறு, விடிய ஏழு மணி.
அல்லிக்கு நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு
மழையில்லாமல் தூறல்.
கிட்டப் போனால் குஞ்சுகள்,
செக்கச்செவேலென்று, ஆயிரம் இருக்கும்,
மூச்செடுக்க எழும்பி எழும்பித் தாழ்ந்தன.
அவற்றுக்குக் கீழே எங்கேயோ
தாயும் தகப்பனும்.

"போடு, கட்டாயம் அடிக்கும்."
கட்டாயம்தான். எனக்கும் தெரியும்.
போட்டேன்,
போடவில்லையென்று சொல்லமாட்டேன்.
தவளை இலையால் இறங்கிக்
குஞ்சுகளுக்குள் நொண்டியது.

ஒன்று.
இரண்டு.
மூன்று,
நாலு என்று வாய் எண்ணிக்கொண்டே போக
நூல் ஒரு பாகம் தூரம் பக்கவாட்டில் ஓடி
தளர்ந்து மிதந்தது.
தின்ன வந்த வாயில்லை அது.
தூக்கி அப்பால் போட வந்தது.

"எண்ணவும் தெரியாது உனக்கு" என்று
யூட் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தவளையின் முதுகில்
கீழ்த்தாடை நாலைந்து ஆழக் குழி,
மேலே ஊசிப்பொட்டாய் ஒரு பிறை.
இருபது வருடத்தில்
இவ்வளவு துப்பரவான கடியை
ஒரு மெழுகிலும் நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை கதிரையில் இணுவில் சௌபாக்கியம்.
"மெல்லக் கடியுங்கோ அம்மா."
கடித்தவ விடவேயில்லை.
கண் மட்டும் அலுமாரிக்குப் போனது,
பிளாஸ்ரர் தாடைகளுக்கு நடுவே
குந்தியிருந்த கறுத்த தவளைக்கு.
மெழுகு இறுகும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
வாய் திறந்ததும் கேட்டா:

"தம்பி, உதுக்கும் பல்லுக் கட்டப்போறியளோ?"